சேனை தொட வந்தவர்

பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள் என்று யோகலட்சுமி நம்பியிருந்தாள். வந்தவர்கள் அவள் மார்பைத்தான் பார்த்தார்கள்.

தென்காசியில் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியின் மாடி அறைக்குள் ஒவ்வொருத்தியாக நுழைந்தார்கள். குடையை மடக்கி மூலையில் சாத்தியதும், கையில் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசையில் வைப்பதற்கு முன்னாலேயே கேள்வி வந்துவிடும்.

"பால் இருக்கா?"

இல்லை என்றால் பூண்டு. போதவில்லை என்றால் முருங்கைக்கீரை. பிள்ளை மார்பைப் பிடிக்கவில்லை என்றால் வெந்தயக் களி. கட்டிலில் கிடப்பவள் ஒரு மனுஷி என்ற நினைப்பே இல்லாமல், வாங்கி வந்த மாட்டில் ஏதோ கோளாறு என்பதுபோல அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். போகும்போது, "நல்லாப் படிச்ச பிள்ள, இதுல போயி…" என்று வாசலில் நின்று இழுத்தார்கள். யோகலட்சுமி ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுப்பவள். பாலூட்டிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவளுக்கே பாலூட்டத் தெரியவில்லை என்று சித்தி ஒருத்தி சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். அந்தச் சித்தியின் மூன்று பிள்ளைகளில் ஒருவர்கூட அவளோடு பேசுவதில்லை. அதை எடுத்துச் சொல்ல யோகலட்சுமிக்கு நாக்கு துறுதுறுத்தது. தையல் வலியில் விட்டுவிட்டாள்.

பால் இல்லாமல் இல்லை. சட்டை நனைந்து, போர்வை நனைந்து, அறையே புளித்த வாடை அடித்தது. பிள்ளைமீது பிரியம் இல்லாமலும் இல்லை. மடியில் கிடத்தி நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால் இருப்பாள். கறுகறுவென்று முடி, அப்பனைப் போல மேலேறிய நெற்றி, தூக்கத்தில் எதையோ கண்டு சுருங்கும் புருவம். இது என் மகள் என்று தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள்.

ஆனால் அந்தச் சின்ன வாய் மார்பைத் தொட்ட நிமிஷம் எல்லாம் மாறிவிடும். தோள் இரண்டும் காதுக்கு ஏறும். பல் கிட்டிக்கும். உள்ளங்கால் சில்லிட்டுப் போகும். வலி இல்லை. வலி என்றால் பொறுத்திருப்பாள். வயிற்றைக் கிழித்துத் தைத்ததையே பொறுத்தவள். இது அருவருப்பு. அதுவும் பிள்ளைமேல் இல்லை. தன் உடம்புக்குள் தன்னைக் கேட்காமல் யாரோ நுழைந்துவிட்டது போலவும், தான் கட்டிலைவிட்டு எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டது போலவும் ஓர் உணர்வு. கீழே சொட்டிக்கொண்டிருந்த பால் அந்த நேரம் பார்த்து நின்றுவிடும். பிள்ளை வீரிட்டு அழும். அவள் பிடுங்கிப் பக்கத்தில் படுக்க வைத்துவிடுவாள்.

"ஏட்டி, என்ன இது? பச்சப் பிள்ளயப் போயி இப்படிப் பறிச்சு எடுக்கியே" என்றாள் மாமியார் பிச்சம்மாள்.

பிச்சம்மாள் பாவூர்சத்திரக்காரி. புருஷனின் காய்கறிக் கமிஷன் கடையில் முப்பது வருஷம் உட்கார்ந்து, லாரிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த குரல். மெதுவாகப் பேசுவது என்பது அவளுக்கு நோய் வந்தால்தான். அன்றைக்கு அவள் பேசியதோடு நிற்கவில்லை. "பால் இருக்கா இல்லையான்னு நான் பாக்கேன்" என்று சொல்லிக்கொண்டே, கத்திரிக்காய் முற்றலா என்று பார்க்கிற மாதிரி, மருமகளின் மார்பைப் பிடித்து அழுத்தினாள்.

யோகலட்சுமி அந்தக் கையை அடித்துத் தட்டிவிட்டாள். வளையல் ஒன்று உடைந்து தரையில் தெறித்தது.

"மருமக கை நீட்டிட்டா!" அது போதும். சாயங்காலத்துக்குள் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குகிறவனுக்குக்கூட அந்தச் சேதி தெரிந்திருக்கும்.

மறுநாள் டாக்டர் ஜுஹைனா வந்து, தையலைப் பார்த்துவிட்டு, அறையிலிருந்த எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். யோகலட்சுமியின் அம்மா மீனா மட்டும், "நான் தாயார்தான் டாக்டர், நான் இருக்கேன்" என்றாள்.

"தாயாரும் வெளியதான்மா."

கதவைச் சாத்திவிட்டு அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

"பிள்ள வாய் வைக்கும்போது வலிக்கா, பயமா இருக்கா?"

"பயம் இல்ல டாக்டர். அருவருப்பா இருக்கு." சொன்ன பிறகு அவளுக்கே கூசியது. "பெத்த பிள்ள டாக்டர். இப்படிச் சொல்லுதேன்."

"பிள்ள மேல அருவருப்பா, உடம்பு மேலயா?"

யோகலட்சுமி போர்வையை மார்புக்கு மேலே இழுத்துக்கொண்டாள்.

"நான் எல்லார்ட்டயும் கேக்கதுதான் இது. விருப்பம் இருந்தாச் சொல்லு, இல்லன்னா விடு. சின்னதுல யாராவது உன்கிட்ட தப்பா நடந்திருக்காங்களா?"

வெளியே வராந்தாவில் பிச்சம்மாள் யாரிடமோ போனில் வளையல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. யோகலட்சுமி அதைக் கேட்டுக்கொண்டே ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜுஹைனா யார் என்றோ எப்போது என்றோ கேட்கவில்லை. "உடம்பு மறக்காதுமா" என்றார். "அப்படி நடந்தவங்க எல்லாருக்கும் இப்படி வரும்னு இல்ல. சிலபேரு நல்லாப் பால் குடுப்பாங்க; இப்பத்தான் என் உடம்பு எனக்குத் திரும்பக் கிடைச்சதுன்னு சொன்னவங்களும் உண்டு. சிலபேருக்கு முடியாது. முடியலன்னா நீ கெட்ட தாய் கிடையாது. பாலப் பீச்சி பாலாடையில குடுக்கலாம். அதுவும் முடியலன்னா பால்பவுடர் இருக்கு, நான் எழுதித் தாரேன். இன்னொண்ணு. உன்னக் கேக்காம யாரும் உன்னத் தொடக் கூடாது. உன் மாமியார்ட்ட நானே சொல்லிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டும் போனார். பிச்சம்மாள் அதற்கும் ஒரு கதை சேர்த்துக்கொண்டாள்: மருமகளுக்கு வக்காலத்து வாங்க டாக்டரே வந்தாராம்.

அந்த 'யார்' என்பவருக்கு நம்பிராஜன் என்று பெயர். யோகலட்சுமியின் தாய்மாமன். இலத்தூரில் வயலும் தென்னந்தோப்பும், குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு பங்களாவும் உள்ளவர். கோயிலில் கொடைத் திருவிழா நடந்தால் கமிட்டித் தலைவர். பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் முதல் நாற்காலி. சலவை மடிப்பு கலையாத வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், பேச்சைத் தொடங்கினால் 'பெண் குழந்தைகள் வீட்டின் தெய்வங்கள்' என்று ஆரம்பம். கைதட்டுகிறவர்கள் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். தங்கள் மகள்களை அவரிடம் ஆசீர்வாதம் வாங்கச் சொல்லித் தள்ளிவிட்டார்கள்.

மீனா இளவயதிலேயே விதவையானவள். மேலகரத்தில் அவள் இருக்கும் வீடு அண்ணன் கொடுத்தது. அண்ணன் என்றால் அவளுக்குச் சாமி. ஒவ்வொரு சீசனுக்கும் சொந்தக்காரப் பிள்ளைகளையெல்லாம் அவர் பங்களாவில் சேர்த்துவிடுவார்கள். சாரல் விழ ஆரம்பித்ததும் பெண்கள் அருவிக்குக் கிளம்புவார்கள், ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போவார்கள். ஒரு சீசனில், ஒன்பது வயது யோகலட்சுமிக்குக் காய்ச்சல். அவளைப் பார்த்துக்கொள்ள மாமா தங்கிவிட்டார். எவ்வளவு நல்ல மாமா என்று எல்லோரும் மெச்சிவிட்டுப் போனார்கள்.

நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. விவரம் கேட்டுச் சப்புக்கொட்டுகிறவர்கள் வேறு எங்காவது போகட்டும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் அம்மாவிடம் சொன்னாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த வார்த்தைகளில், எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல் சொன்னாள். மீனா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "மாமா உம்மேல பிரியம்ட்டி. இதெல்லாம் வெளிய சொல்லப்படாது" என்றாள். அடுத்த சீசனுக்குப் பெட்டியைத் தானே அடுக்கி, புதுப் பாவாடையும் எடுத்து வைத்து, மகளை அதே பங்களாவுக்கு அனுப்பி வைத்தாள்.

பெற்றவள் என்ற சொல்லுக்கு அன்றோடு யோகலட்சுமியிடம் இருந்த மதிப்பு போயிற்று. இப்போது அந்தச் சொல்லை எல்லோரும் அவள் தலையில் தூக்கி வைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து மேலகரத்து வீட்டுக்கு வந்த பிறகு பாலைப் பீச்சி எடுக்கப் பழகினாள். மோட்டார் வைத்த கருவி ஒன்றைப் புருஷன் உமாசங்கர் திருநெல்வேலியிலிருந்து வாங்கி வந்தான். அதை மாட்டிக்கொள்ளும்போது அருவருப்பு வரவில்லை. கருவிக்கு நினைவு எதையும் கிளறத் தெரியாது. எடுத்த பாலைப் பாலாடையில் ஊற்றிப் பிள்ளையின் கடைவாயில் சரித்தால் அது கண்ணை மூடிக்கொண்டு மடக்மடக்கென்று குடித்தது. குடித்து முடித்து ஏப்பம் விட்டு அவள் தோளில் தூங்கியது. இதில் யாருக்கு என்ன குறை என்று அவளுக்கு விளங்கவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் குறை இருந்தது. "நேரா குடிக்க மாதிரி வருமா?" என்றார்கள். "அழகு கெட்டுப்போகும்னு பாக்கா" என்றார்கள்.

உமாசங்கர் நல்லவன்தான். அதாவது, யாரும் தொந்தரவு தராதவரை நல்லவன். கூட்டுறவு வங்கியில் வேலை; சனி, ஞாயிறுக்கு மேலகரம் வருவான். வந்தால் தாய்ப்பாலின் மகிமை பற்றி வீடியோக்களைத் தேடித் தேடிக் காட்டுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியில் துணி எடுக்கும்போது, அவன் மறுபடியும் போனை நீட்டியதும், அவள் நடந்ததைச் சொல்லிவிட்டாள். காய்ந்த துணியை மடித்துக்கொண்டே, வகுப்பில் பாடம் எடுக்கிற குரலில் சொன்னாள்.

உமாசங்கர் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"நம்பிராஜன் மாமாவா? நம்ம கல்யாணத்துல தாலி எடுத்துக் குடுத்தாவளே, அவுகளா?"

"ஆமா. அந்தக் கைதான்."

"உங்க அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தான். அடுத்து என்ன கேட்பான் என்று அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்யலாம், உனக்கு என்ன வேண்டும், இத்தனை வருஷம் எப்படித் தாங்கினாய், ஏதாவது ஒன்று. அவன் கேட்டது இது:

"அப்ப வர்ற வெள்ளிக்கிழம விசேஷத்துக்கு என்ன செய்ய? எல்லாருக்கும் சொல்லியாச்சே."

யோகலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணியை அள்ளிக்கொண்டு கீழே இறங்கினாள்.

விசேஷம் என்பது தொட்டில் போட்டுப் பெயர் வைப்பது. அதோடு இன்னொன்றும் இருந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதற்குச் சேனை என்று பெயர். யார் தொட்டு வைக்கிறாரோ அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அது தள்ளிப்போயிருந்தது. பெயர் வைக்கிற நாளில் சாஸ்திரத்துக்கு ஒரு துளி தொட்டு வைத்துவிடலாம் என்று மீனா முடிவு செய்திருந்தாள். தொட்டு வைக்க அவள் அழைத்திருந்தது அண்ணனை.

"அவுகள வரச் சொல்லாத" என்றாள் யோகலட்சுமி.

மீனா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அண்ணன் இல்லாம இந்த வீட்ல என்ன விசேஷம்? ஊரு என்ன சொல்லும்?"

"என் பிள்ளையத் தொட விடமாட்டேன்."

"பழசு எதையாவது மனசுல போட்டுக் குழப்பிக்கிடாதட்டி."

"பழசுன்னா எது?"

மீனாவின் கை நின்றது. மகளைப் பார்க்காமல் தேங்காய் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் துருவ ஆரம்பித்தாள். யோகலட்சுமிக்கு அது போதுமானதாக இருந்தது. மறந்திருப்பாளோ, விளங்காமல் இருந்திருப்பாளோ என்று இத்தனை வருஷம் ஒரு மூலையில் அம்மாவுக்காக வைத்திருந்த சலுகையையும் அவள் அன்றைக்கு எடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வீடு நிறைந்துவிட்டது. மலை முழுக்க மேகம் இறங்கி, மேலகரம் தெருவெல்லாம் சாரல் நசநசத்தது. முன்னறையில் ஜமுக்காளம் விரித்து, தொட்டிலில் பட்டுச் சேலை கட்டி, பூச்சரம் சுற்றியிருந்தார்கள். பத்தரை மணிக்குக் கார் வந்தது. நம்பிராஜன் இறங்கியதும் உட்கார்ந்திருந்த கூட்டம் ஒட்டுமொத்தமாக எழுந்தது. காலில் விழுந்தவர்கள்கூட உண்டு. அறுபத்தைந்து வயதிலும் மனிதர் தளரவில்லை. ஊரார் மரியாதை நல்ல சத்துணவு போலிருக்கிறது.

அவர் நடுநாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார். பிறகு, "என்ன, பிள்ளைக்குப் பால் குடுக்க மாட்டேங்காளாமே யோகம்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். பேச ஒரு விஷயமும் கேட்க ஒரு கூட்டமும் கிடைத்துவிட்டால் அவரை நிறுத்த முடியாது. "தாய்ப்பாலுங்கது அமிர்தம். அந்தக் காலத்துத் தாய்மார் ரத்தத்தப் பாலாக்கிக் குடுத்தாவ. இப்ப உள்ளதுகளுக்கு மிசினு வேண்டியிருக்கு. பெண்மைன்னா என்ன, தாய்மைன்னா என்னன்னு எடுத்துச் சொல்ல ஆளில்லாமப் போச்சு." கூட்டம் தலையாட்டியது. சித்தி, "நல்லாச் சொன்னிய அண்ணாச்சி" என்றாள்.

உள்ளறை வாசலில் பிள்ளையோடு நின்ற யோகலட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆளைப் பார்த்தால் தனக்குக் கை கால் நடுங்கும் என்று நினைத்திருந்தாள். நடுங்கவில்லை. எதிரே ஒரு கிழவன் உட்கார்ந்து, தான் கெடுத்த ஒன்றைப் பற்றித் தானே பிரசங்கம் செய்துகொண்டிருந்தான். காதோரம் மயிர்ச் சாயம் வழிந்திருந்தது. இவனுக்குப் போயா இத்தனை வருஷம் பயந்தோம் என்றிருந்தது.

மீனா வெள்ளிக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள். "பிள்ளைய மாமா மடியில குடு யோகம்."

நம்பிராஜன் துண்டை விரித்துக் கையை நீட்டினார்.

"குடுக்க மாட்டேன்" என்றாள் யோகலட்சுமி.

"என்னட்டி இது, நல்ல நேரம் போகுது."

"இவரு குணம் என் பிள்ளைக்கு வரவேண்டாம்."

யாரோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. யோகலட்சுமி குரலை உயர்த்தவில்லை.

"ஒம்பது வயசுல எனக்குக் காய்ச்சல்னு குத்தால பங்களாவுல விட்டுட்டு எல்லாரும் அருவிக்குப் போனிய. இவரு என்னயப் பாத்துக்கிட்டாரு. எப்படிப் பாத்துக்கிட்டாருன்னு அன்னைக்கே அம்மைட்டச் சொல்லிட்டேன். அடுத்த வருஷமும் அனுப்பினா. அடுத்த வருஷமும் பாத்துக்கிட்டாரு. என் பிள்ள என் மார்ல வாய் வச்சா எனக்கு இவரு ஞாபகந்தான் வருது. அதான் பால் குடுக்க முடியல. எல்லாரும் வந்து வந்து கேட்டீங்கள்ல, இதான் காரணம். பூண்டு தின்னா இது போகாது."

எல்லோரும் மீனாவைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். இருபது வருஷம் பிந்தி வந்தாலும் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்திருக்கும்.

மீனா, "ஜன்னி" என்றாள். "பிள்ள பெத்த ஜன்னி. ரெண்டு மூணு நாளா இப்படித்தான் என்னத்தையோ பேசுதா. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதிய அண்ணே."

கூட்டத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்தது. ஆமாம், ஜன்னிதான். பனிக்காற்று பட்டிருக்கும். தர்காவில் மந்திரிக்கலாம். பண்பொழி மலைக் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம். நம்பிராஜன் பெருந்தன்மையாகக் கையை உயர்த்தி, "பாவம், சின்னப் பிள்ள. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றார். யோகலட்சுமி புருஷனைத் தேடினாள். உமாசங்கர் ஜமுக்காளத்தின் ஓரத்தில் நின்று, அதன் பூ வேலைப்பாட்டை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்த லாரிச் சத்தக் குரல் எழுந்தது.

"ஏன் அண்ணாச்சி, ஜன்னி அவளுக்குன்னா ஒங்களுக்கு ஏன் இப்படி வேர்க்கு?"

பிச்சம்மாள் எழுந்து நின்றிருந்தாள். உண்மையில் வேர்த்துத்தான் இருந்தது. சாரல் காற்றில் எல்லோரும் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்க, நம்பிராஜனின் சந்தனம் கரைந்து மூக்கின்மேல் வழிந்துகொண்டிருந்தது.

"நான் முப்பது வருஷமா சந்தைல உக்காந்திருக்கேன். பொய் சொல்லுத மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்றாள் பிச்சம்மாள். மருமகள் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரில என் கையத் தட்டிவிட்டியே, இதுக்குத்தானாட்டி?"

யோகலட்சுமி தலையாட்டினாள்.

"அதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்ன? ஊரெல்லாம் ஒன்னயத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்." பிச்சம்மாள் கிண்ணத்தைக் குனிந்து எடுத்து, ஜன்னல் வழியாகத் தண்ணீரை வெளியே கொட்டினாள். கிண்ணத்தை மீனாவின் கையில் திணித்தாள். "ஏலே உமா! அங்கன என்ன பூ பாத்துக்கிட்டு நிக்கே? பொண்டாட்டி பெட்டிய எடு. இன்னும் ஒரு நிமிசம் என் பேத்தி இந்த வீட்ல இருக்கப்படாது."

உமாசங்கர் அசைந்தான். தாய் சொன்ன பிறகுதான் அசைந்தான். ஆனாலும் நடுவில் நின்று, நம்பிராஜனைப் பார்த்து, "எழுந்திரிச்சு வெளிய போங்க" என்றான். நாற்காலியிலிருந்து எழுந்த மனிதருக்கு வழிவிட யாரும் எழுந்து நிற்கவில்லை. காரில் ஏறும்வரை குடை பிடிக்கவும் ஆள் வரவில்லை.

பாவூர்சத்திரத்துக்குப் போகிற வழியெல்லாம் பிச்சம்மாள் நம்பிராஜனைத் திட்டினாள், மீனாவைத் திட்டினாள், மகனைத் திட்டினாள். ஊர் எல்லையைத் தொடுமுன், "எப்படியும் நேரா குடிக்குத பால் மாதிரி வராதுட்டி" என்று மருமகளையும் திட்டினாள். யோகலட்சுமிக்கு அந்த அம்மாளைப் பிடிக்காமல் போக இன்னும் நூறு காரணங்கள் இருந்தன. ஆனால் அந்த வீட்டில் அதன் பிறகு யாரும் அறைக்குள் கேட்காமல் நுழையவில்லை. பிச்சம்மாள் வாசலில் நின்று, தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில், "உள்ள வரலாமாட்டி?" என்று கத்துவாள்.

போலீசில் புகார் கொடுக்கலாமா என்று உமாசங்கர் ஒருநாள் கேட்டான். வக்கீல் ஒருவரிடம் விசாரித்திருந்தான். "எனக்குத் தோணும்போது சொல்லுதேன். அப்ப கூட வந்தாப் போதும்" என்றாள். இந்தமுறை அவன் ஊர் என்ன சொல்லும் என்று கேட்கவில்லை.

டாக்டர் சொன்னபடி நேராகக் குடிக்க வைக்கவும் இரண்டொரு தடவை முயன்றாள். ஒருமுறை பிள்ளை சற்று நேரம் குடித்தது. அவளும் பல்லைக் கடிக்காமல் இருந்தாள். அடுத்தமுறை முடியவில்லை. அதற்குமேல் அவள் தன்னை வற்புறுத்தவில்லை. கருவியும் பாலாடையுமாக ஆறு மாதம் ஓடியது. பிறகு பால் குறைந்தபோது பால்பவுடர் கலந்தாள். பிள்ளை தொடை மடிப்பு விழக் கொழுத்து, உட்கார ஆரம்பித்து, அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது.

நம்பிராஜன் சிறைக்கும் போகவில்லை, நாற்காலியையும் இழக்கவில்லை. அந்த வருஷக் கொடைக்கும் அவர்தான் கமிட்டித் தலைவர், பரிவட்டமும் அவருக்குத்தான். ஆனால் அடுத்த சீசனுக்கு எந்தச் சொந்தக்காரரும் பிள்ளைகளைப் பங்களாவுக்கு அனுப்பவில்லை. ஒருத்தி மகனுக்கு டியூஷன், இன்னொருத்தி மகளுக்குச் சளி, வேறொருத்தி பேத்திகளுக்கு நீச்சல் வகுப்பு. ஜன்னி என்று சொன்ன வாய்கள்தான் அத்தனையும். கேள்விப்பட்டபோது யோகலட்சுமிக்கு ஆறுதலாக இல்லை, கோபந்தான் வந்தது. நம்புவதற்கு இவர்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே சொல்வதற்கு மட்டும் ஆயுசு போதாது. இப்போது அவர் காலில் விழுவார்கள், பிள்ளைகளை மட்டும் வீட்டில் பூட்டிவைத்துவிட்டு.

இதற்கெல்லாம் முன்பே, பிள்ளைக்கு மூன்று மாதமாக இருந்தபோது, மீனா ஒரு நாள் காலை பஸ் பிடித்துப் பாவூர்சத்திரம் வந்தாள். ஒரு பையில் பிள்ளைக்குக் கவுனும் மகளுக்குப் பருப்புப் பொடியும் இருந்தன. பிச்சம்மாள் நாற்காலியைக் காட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். மீனா இளைத்திருந்தாள். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினாள், பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசினாள். பிறகு, "நான் என்னட்டி செஞ்சிருக்க முடியும்?" என்றாள். "அவுக வீட்ல இருந்தேன். அவுக போட்ட சோறு. ஒத்தப் பொம்பள. யாரு என்னய நம்புவா?"

யோகலட்சுமி பாலாடையைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சண்ட போட வேண்டாம். போலீசுக்குப் போக வேண்டாம். அடுத்த வருஷம் என்னய அனுப்பாம இருந்திருக்கலாம். ஒண்ணும் செய்யாம சும்மா இருந்திருந்தாலே போதும்மா. நீ பெட்டிய அடுக்கின."

மீனா அழ ஆரம்பித்தாள். யோகலட்சுமி அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. மன்னிப்பதாகவும் சொல்லவில்லை. அந்த நேரம் பிள்ளை விழித்துக்கொண்டு பசிக்குச் சிணுங்கியது. பாலை ஆற்றி எடுத்து வந்தாள்.

மீனா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் குடுக்கட்டா?" என்றாள். கேட்டுவிட்டுத் தானே பயந்து கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

யோகலட்சுமி அந்தக் கையைப் பார்த்தாள்.

"இங்கனயே உக்காந்து குடு" என்றாள். "உள்ள தூக்கிட்டுப் போகக் கூடாது."

மீனா பிள்ளையை வாங்கி மடியில் கிடத்தி, பாலாடையைச் சரித்தாள். பிள்ளை யாரென்று பார்க்காமல் குடித்தது. யோகலட்சுமி எதிரில் தரையில் உட்கார்ந்து, குடித்து முடிக்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.